வங்கி ஏலத்தில் போன வீட்டை வாங்குபவர்கள் கவனத்திற்கு

வங்கியொன்று கடனுக்காக ஏலம் விட்டு, கேட்பாரில்லாமல் தானே வாங்கி வைத்திருந்த ஒரு வீட்டை ஹட்டனுக்கு அருகே வாங்க முற்பட்டு நாங்கள் ஏமாந்ததை, அதே வழியில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஏலம் முடிந்துவிட்டதால் பழைய சொந்தக்காரருக்கு இனி எந்த வழியும் இல்லை என்று தரகர் அடித்துச் சொன்னார். உடனிருந்த வங்கிக் கிளை அதிகாரியும் மறுக்கவில்லை. மலையில் கொழுந்து பறித்தே காலம் போக்கிய அம்மாவின் ஊழியர் சேமலாப நிதிப் பணத்தில் முற்பணம் கட்டினோம். உறுதி எழுத இரண்டு மாதமாகும் என்றவர்கள், துப்புரவு செய்துகொள்ளும்படி திறப்பைத் தந்தார்கள். மழைக்கு முன் கூரையை மாற்றிவிடுங்கள் என்று தரகரே மேசன் பாஸைக் கூட்டி வந்தார். துருப்பிடித்து விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்த தகரங்களைக் கழற்றிப் புதியவை அடித்தோம். பின்பக்க மண்மேட்டுக்குக் கருங்கல் சுவரும் எழுப்பினோம்.

ஆறாவது வாரம், கடனாளி முழு நிலுவையையும் செலுத்திவிட்டதால் விற்பனை இரத்தாகிறது என்று வங்கியிலிருந்து கடிதம் வந்தது.

வழக்குப் போடாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விட வங்கிகளுக்கு இடமளிக்கும் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்திலேயே இதற்கு இடமிருப்பதைச் சட்டத்தரணி ஒருவர் பிறகுதான் காட்டினார். ஏலத்தில் வங்கியே வாங்கிய சொத்து என்றால், அது மறுபடி விற்கப்படும் வரை, கடனாளியோ அவர் சார்பில் இன்னொருவரோ கடனை வட்டியோடும் செலவோடும் கட்டினால், வங்கியின் பணிப்பாளர் சபை அந்த விற்பனையை இரத்துச் செய்யலாம்.

வீட்டை மீட்டுக்கொண்ட குடும்பத்தின் மீது எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. சொந்த வீடு என்றால் என்னவென்று லயத்தில் பிறந்த எங்களுக்குத் தெரியும். இதை அறிந்தும் சொல்லாதவர்களைத்தான் மன்னிக்க முடியவில்லை. முற்பணம் திரும்பக் கிடைத்தது. தகரத்துக்கும் சுவருக்கும் கொட்டிய பணமும் தரகுக்கூலியும் போனது போனதுதான்.

ஆகவே, உங்கள் பெயரில் உறுதி கைச்சாத்திடப்பட்டுக் காணிப் பதிவகத்தில் பதியப்படும் வரை அந்த வீட்டில் ஓர் ஆணிகூட அடிக்காதீர்கள், தரகுக்கூலியும் கொடுக்காதீர்கள். ஏலத்தில் வாங்கியது யார், விற்பனை இரத்தானால் முற்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பவற்றை முற்பணம் கட்டுமுன்பே வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறைப்பாடு அனுப்பியிருக்கிறோம். அதே தரகர் இப்போது கொட்டகலைப் பக்கம் இன்னொரு வங்கி வீட்டைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.