மண் தளமா, செயற்கைத் தளமா? அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தின் தீராத வழக்கு

கலிஃபோர்னியாவின் பெரிய பந்தய மைதானங்கள் எல்லாம் 2007 முடிவதற்குள் செயற்கைத் தளத்துக்கு மாற வேண்டும் என்று 2006-ல் அந்த மாநிலப் பந்தய வாரியம் உத்தரவு போட்டது. பத்து வருஷம்கூட ஆகவில்லை, சான்டா அனிட்டாவும் டெல் மாரும் மண்ணுக்கே திரும்பிவிட்டன. கென்டக்கி மாநிலத்தின் கீன்லேண்ட் மைதானத்திலும் அதே கதைதான்.

செயற்கை என்றதும் பிளாஸ்டிக் விரிப்பு என்று நினைக்க வேண்டாம். அதுவும் மணல்தான். இழைகளும் சில வகைகளில் ரப்பர் துண்டுகளும் கலந்து, மெழுகு பூசியிருப்பார்கள். மழைநீர் மேலே தேங்காமல் கீழே வடிந்துவிடும். மண் தளமோ மழையில் சேறாகிவிடும். முன்னால் ஓடும் குதிரை வாரியடிக்கும் சேற்றுக்காகவே ஜாக்கிகள் (குதிரையோட்டிகள்) நான்கைந்து பாதுகாப்புக் கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, அழுக்கானதை ஓட்டத்தின் நடுவிலேயே கீழே இழுத்துவிடுவார்கள். மண்ணில் முதலிலேயே முந்திவிடும் குதிரைக்கு லாபம் அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாதுகாப்புக் கணக்கில் செயற்கைத் தளத்தின் கைதான் ஓங்கியிருக்கிறது. அமெரிக்க ஜாக்கி கிளப்பின் 2023 புள்ளிவிவரப்படி, ஆயிரம் ஓட்டங்களுக்கு (ஒரு குதிரை ஒரு முறை ஓடினால் ஓர் ஓட்டம்) மண்ணில் 1.43 குதிரைகள் பலியாகின. செயற்கைத் தளத்தில் 0.97.

அப்புறம் ஏன் பிடுங்கி எறிந்தார்கள்? அவசரம் ஒரு காரணம். மழைக்கு அஞ்சாது என்று சொல்லிப் போட்ட சான்டா அனிட்டா தளத்தில், 2008 ஜனவரி மழையில் தண்ணீர் வடியாமல் பந்தயங்களையே ரத்து செய்தார்கள். வெயில் ஏறினால் மெழுகு இளகுவதால் காலையில் பயிற்சி செய்த தளம் ஒன்று, மதியம் ஓடும் தளம் வேறொன்று. பின்னங்கால் காயங்கள் கூடுவதாகப் பயிற்சியாளர்களும் முணுமுணுத்தார்கள்.

ஆனால் என் கணிப்பில் உண்மையான காரணம் பணம். அமெரிக்காவின் பெரிய பந்தயங்களில் ஒன்றான பிரீடர்ஸ் கப் கிளாசிக் 2008-ல் சான்டா அனிட்டாவின் செயற்கைத் தளத்தில் நடந்தது. முந்தைய ஆண்டின் சிறந்த குதிரையான கர்லின் நான்காவதாக வந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த ரேவன்ஸ் பாஸ் ஜெயித்தது. பந்தயம் கட்டுபவர்களின் கணக்கு குப்புற விழுந்தது. கென்டக்கியின் இனப்பெருக்கத் தொழிலோ மண்ணில் வேகமாக ஓடும் ரத்தத்தை நம்பியே நடக்கிறது. துபாயின் மெய்டான் மைதானம்கூட 2010 முதல் செயற்கைத் தளத்தில் துபாய் உலகக் கோப்பைப் பந்தயத்தை நடத்திவிட்டு, 2015-ல் மண்ணுக்கு வந்தது. அமெரிக்கக் குதிரைகள் வர வேண்டுமே!

மண்ணுக்குப் பழகாத குதிரை, மண் தளத்தில் நடக்கும் புகழ்பெற்ற கென்டக்கி டெர்பி பந்தயத்துக்கு ஆகாது என்பதையும் முழுசாக நம்ப முடியாது. மண்ணில் அதுவரை ஒரு பந்தயமும் ஓடாத அனிமல் கிங்டம் 2011 டெர்பியை வென்றது. 2013-ல் மெய்டானின் செயற்கைத் தளத்தில் உலகக் கோப்பையையும் ஜெயித்தது.

சரி, டெர்பி மண்ணிலேயே இருக்கட்டும். குளிர்கால வாரநாள் பந்தயங்களையும் தினசரிப் பயிற்சியையும் மண்ணில் வைத்துக்கொள்ள எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. சான்டா அனிட்டாவுக்கே இது புரிந்திருக்கிறது. 2018 டிசம்பரில் தொடங்கிய ஒரே பந்தயப் பருவத்தில் 30 குதிரைகளைப் பறிகொடுத்த அந்த மைதானம், 2023-ல் தன் பயிற்சித் தளத்தை டப்பீட்டா என்ற செயற்கைக் கலவைக்கு மாற்றிவிட்டது.