பிரஷர் கேஜ் மாட்டாமலே பியூயல் பம்ப்பை மாற்றச் சொல்கிறார்களா? சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்

பம்ப் போயிடுச்சு என்று சொல்லி, போகாத பம்ப்பைக் கழற்றிவிட்டுப் புதுசு ஒன்றை என் தலையில் கட்டிவிட்டார்கள். கூடவே இன்ஜெக்டர் கிளீனிங், ஒரு ஆக்ஸிஜன் சென்சார். வண்டி மட்டும் சரியாகவில்லை.

காலையில் செல்ஃப் எடுத்தால் ஐந்தாறு விநாடி சுற்றிய பிறகுதான் பிடிக்கும். நிதானமாகப் போனால் ஒன்றும் தெரியாது, ஓவர்டேக் பண்ண அழுத்தி மிதித்தால் திணறும், செக் இன்ஜின் விளக்கும் எரிந்தது. ஸ்கேனரைச் சொருகியதில் பி0171 என்ற எரர் கோடு (code) வந்தது. காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோல் போகவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்; எங்காவது ஹோஸ் கிழிந்து காற்று உள்ளே போனாலும், ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்கானாலும், ஃபில்டர் அடைத்தாலும் அதே கோடுதான் வரும். இவர்களோ திரையைப் பார்த்ததுமே பம்ப் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பெட்ரோல் பிரஷரை அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தீர்களா என்றேன். "கரன்ட் ஒழுங்கா வருது சார், மீட்டர்ல பாத்தாச்சு, அப்போ பம்ப்தானே."

நானும் தலையாட்டினேன். புது பம்ப்போடு இரண்டு நாள் ஓடியது, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. மறுபடி போனபோதுதான் அந்த கிளீனிங்கும் சென்சாரும்.

கடைசியில் வேறொரு மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் ஸ்கேனரைத் தொடவே இல்லை. லைனில் பிரஷரை இறக்கி, கீழே துணியைப் போட்டு, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரிந்து போகும் குழாயான பியூயல் ரயிலில் கேஜை மாட்டினார். மேனுவல்படி பிரஷர் 3.5 பார் (பிரஷரின் அளவு) இருக்க வேண்டும். ஐடிலில் முள் 2.6-ல் நின்றது, ரேஸ் கொடுத்தால் 2.2-க்கு இறங்கி நடுங்கியது. புது பம்ப்பிலேயே இப்படி!

பிறகு பம்ப் சாக்கெட்டைக் கழற்றாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகினார். பேட்டரியில் 13.9 வோல்ட், பம்ப்பில் 10. முந்தைய ஆட்கள் கோட்டைவிட்டது இங்கேதான்: சாக்கெட்டைக் கழற்றிவிட்டு அளந்தால் லோடு கிடையாது, அதாவது பம்ப் கரன்ட் இழுக்காது, அதனால் துருப்பிடித்த வயரும் 12 வோல்ட்டை முழுசாகக் காட்டும். அடுத்து மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை பம்ப்பின் எர்த் வயரிலும் வைத்தார். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் 3.6 வோல்ட்; பம்ப்புக்குக் கிடைக்க வேண்டியது எர்த்திலேயே வீணாகியிருக்கிறது. வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பின்சீட்டைத் தூக்கினால், கார்ப்பெட்டுக்கு அடியில் எர்த் போல்ட் பச்சைக் களிம்பேறிக் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினார், கேஜ் முள் 3.5 பாரில் போய் அசையாமல் நின்றது. மொத்தமே அரை மணி நேர வேலை. பம்ப் மாற்றும்போது அந்த வயரை அசைத்திருப்பார்கள், இரண்டு நாள் நன்றாக ஓடியது அதனால்தான் என்றார்.

இன்ஜினை அணைத்துவிட்டும் கொஞ்ச நேரம் கேஜையே பார்த்துக்கொண்டிருந்தார். அணைத்ததும் முள் மடமடவென்று விழுந்தால் பம்ப்பின் செக் வால்வோ (பெட்ரோல் திரும்பி வராமல் தடுப்பது) இன்ஜெக்டர் ஒழுகலோ இருக்கலாமாம், எனக்கு விழவில்லை. ஒன்று, இதெல்லாம் சிலிண்டருக்கு வெளியே, காற்று போகும் வழியில் பெட்ரோலைத் தெளிக்கும் சாதாரண போர்ட் இன்ஜெக்ஷன் வண்டிக்குத்தான். நேராக சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்ஷன் என்றால் ஹை பிரஷர் லைனை நீங்களாகக் கழற்றப் போகாதீர்கள், அங்கே 100 பாருக்கு மேலேயும் போகும், ரயில் பிரஷரை ஸ்கேனரிலேயே பார்க்கலாம்.

பழைய பம்ப்பைத் திருப்பிக் கேட்டு மூன்று முறை போன் செய்துவிட்டேன். ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம்.