"90 நாளில் நீர்க்கட்டி கரையும்": 18,500 ரூபாய் கட்டிய கதை

எனக்குப் படிப்பு இருக்கிறது, கூகுள் பண்ணவும் தெரியும். அப்படியும் ஏமாந்தேன்.

22 வயதில் பிசிஓஎஸ் என்று சொன்னார்கள், 'நீர்க்கட்டி' என்று எல்லோரும் சொல்கிற ஹார்மோன் கோளாறு. மெட்ஃபார்மின் மாத்திரை போட்டு, சாயங்காலம் நடந்து, 40, 45 நாளுக்கு ஒரு தடவையாவது பீரியட்ஸ் வந்துகொண்டிருந்தது. தாடையில் முளைக்கும் முடிதான் தாங்கவில்லை. திருப்பூரில் எக்ஸ்போர்ட் ஆபீஸ் வேலை. எதிர் சீட்டுப் பையனிடம் பேசும்போதெல்லாம் கையை முகவாயில் வைத்துக்கொண்டே பேசுவேன். அந்தக் கடுப்பில் இருந்தபோதுதான் ரீல் கண்ணில் பட்டது. 90 நாள், மாத்திரை வேண்டாம்.

பேசியவர் 'ஹார்மோன் கோச்'. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று அவர் போடவே இல்லை, நானாக நினைத்துக்கொண்டேன். வாட்ஸ்அப்பில் 'முன்', 'பின்' என்று இரண்டு ஸ்கேன் ரிப்போர்ட் அனுப்பினார், பெயரை மட்டும் கறுப்படித்து. ஜிபேயில் 18,500 போட்டேன். பில் கேட்டால், "அந்த ஸ்க்ரீன்ஷாட்டே பில்தான் மா."

மூன்று டப்பா பொடி வந்தது. ஸ்டிக்கரில் ஒரு தாமரைப் பூ. உள்ளே என்ன இருக்கிறது, யார் தயாரித்தது, லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், ஒன்றும் இல்லை. அம்மா நுனி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினாள். "கழற்சிக்காய்டி இது. நாட்டு மருந்துக் கடையில கேட்டா அள்ளிக் கொடுப்பான்." அவளோடு சண்டை போட்டேன்.

பணம் போனதை விடுங்கள். மெட்ஃபார்மினை முதல் நாளே நிறுத்தச் சொன்னார் கோச், நிறுத்தினேன். முதல் மாதம் பீரியட்ஸ் வரவில்லை. "டீடாக்ஸ் ஆகுது மா." இரண்டாவது மாதம், "கர்ப்பப்பை ரெஸ்ட் எடுக்குது." மூன்றாவது மாதம் பதிலே இல்லை, ஒரு இதய ஸ்டிக்கர் மட்டும். நானும் அதற்கு ஒரு இதயம் அனுப்பினேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நாலு மாதம் கழித்து வந்தது பாருங்கள், 19 நாள் நிற்கவில்லை. ஒரு மீட்டிங்குக்கு எழுந்தேன். எதிர் சீட்டுப் பையன் ஒன்றும் பேசாமல் ஒரு ஃபைலை எடுத்து என் நாற்காலியில் வைத்துவிட்டுப் போனான்.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.2-க்கு இறங்கியிருந்தது. கர்ப்பப்பை உள்சவ்வு 17 மி.மீ. தடித்திருந்தது. டாக்டரம்மா திட்டவில்லை, பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். முட்டை வெளிவராத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்காது. சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போகும். மூன்று மாதத்துக்கு மேல் தள்ளிப்போனால் மாத்திரை கொடுத்தாவது வரவைக்க வேண்டும், வருஷக்கணக்கில் விட்டால் புற்றுநோய் வரை போகலாம் என்றார். சவ்வில் துணுக்கு எடுத்துச் சோதித்த பயாப்ஸி ரிசல்ட் வரும்வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நல்லவேளை, கெட்டது எதுவும் இல்லை.

நீர்க்கட்டி என்கிறோமே, அது கட்டியே இல்லையாம். வளராமல் பாதியில் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகள். கரைப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் நோய் இருக்கலாம்: பீரியட்ஸ் கோளாறு, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் முட்டைப் பைகள், இந்த மூன்றில் இரண்டு பொருந்தினாலே பிசிஓஎஸ் என்பது 2003-ல் மருத்துவர்கள் வகுத்த ராட்டர்டாம் அளவுகோல். தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன் காரணமில்லை என்றும் பார்த்திருக்க வேண்டும். கோச் என்னிடம் ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்கூடக் கேட்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "டயட்டை ஒழுங்கா ஃபாலோ பண்ணலை நீங்க" என்று ஒரு வாய்ஸ் நோட், அப்புறம் பிளாக். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன், பணம் இன்னும் வரவில்லை. மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்யும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம் என்பது அப்போதுதான் தெரிந்தது. யாரிடமாவது கட்டப் போகிறீர்கள் என்றால் வாட்ஸ்அப் சாட், வாய்ஸ் நோட், ஜிபே நம்பர் எல்லாவற்றையும் இப்போதே சேமித்து வையுங்கள். என்னை பிளாக் பண்ணும் முன் அழிக்க முடிந்த மெசேஜை எல்லாம் டிலீட் பண்ணிவிட்டார்கள்.

என் போனில் தங்கியிருந்த அந்த 'முன், பின்' ஸ்கேனை போன வாரம் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயரைத்தான் கறுப்படித்திருந்தார்கள், வயதை விட்டுவிட்டார்கள். 'முன்' 24, 'பின்' 31. இப்போது வேறு பெயரில் புதுப் பக்கம் ஓடுகிறது, அதே இரண்டு படத்தோடு. வலது மேல் மூலையைப் பாருங்கள்.