வீட்டுக்கே வந்து படமெடுக்கும் காரைக்குடி ஸ்டூடியோ: ஒரு மதிப்புரை

என் பெற்றோரின் மணிவிழாவையொட்டி, காரைக்குடியில் வீட்டுக்கே வந்து படமெடுத்துத் தரும் சிறிய ஸ்டூடியோ ஒன்றை அழைத்திருந்தோம். கேமராவைக் கண்டதும் விறைத்துப்போகிறவர்கள் உள்ள வீடுகளுக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். படத்திருத்தத்தைப் பற்றி மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

என் தாயாருக்குத் தம் படம் எதுவுமே பிடிப்பதில்லை. நாள்தோறும் அவர் கண்ணாடியில் காண்பது இடவலம் மாறிய முகம். படத்தில் வருவதோ பிறர் காணும் முகம். மூக்குத்தி பக்கம் மாறித் தெரிந்தாலே தம் முகம் அவருக்கு அயலாகிவிடுகிறது. புகைப்படக்காரர் முதலில் எடுத்த படத்தை டேப்லெட்டில் இடவலமாகத் திருப்பிக் காட்டியபோது, "இது நல்லாருக்கே" என்றார். அதன் பிறகு அவரிடம் பாதித் தயக்கம்கூட இல்லை. செல்போனை முகத்தருகே பிடித்து எடுக்கும்போது மூக்கு பெரிதாகத் தெரிவதற்கு நெருக்கம்தான் காரணம் என்று விளக்கிவிட்டு, 85 மி.மீ. லென்ஸுடன் அவர் சற்றுத் தள்ளியே நின்றார். முகத்தின் அளவு கெடாமல் இருந்ததோடு, எதிரில் ஒருவர் முகத்துக்கு நேரே வந்து நிற்கும் கூச்சமும் இல்லாமல் போயிற்று.

வெளிச்சத்தைக் கையாண்ட விதம்தான் இவர்களுடைய உண்மையான திறமை. வளவின் (வீட்டு நடு முற்றத்தின்) நடுவில் உச்சி வெயில் நேராக இறங்கினால் கண்குழிகளில் நிழல் விழும் என்பதால், வளவை ஒட்டிய தாழ்வாரத்தில், தூணோரமாக, வானத்தைப் பார்த்தாற்போல் இருவரையும் அமர்த்தினார்; எதிர்ச் சுவரின் வெண்மை மற்றொரு விளக்காயிற்று. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு தாடையில் ஏறுவதைக் கவனித்து, படத்தில் விழாத இடத்தில் வெள்ளை வேட்டி ஒன்றை விரிக்கச் சொன்னார். ஃபிளாஷ் போடவேயில்லை.

"சிரிங்க" என்ற சொல்லை அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. "ஆச்சி, தூணைச் சும்மா பிடிச்சுக்கங்க, மூச்சை விட்டுட்டு என்னைப் பாருங்க" என்பதே அவருடைய முறை. கைக்கு ஒரு வேலை கிடைத்ததும் தோள் தானாக இறங்கியது. என் தந்தையோ, முகப்பில் தொங்கும் பாட்டனார் படத்தைப் போலவே முழங்கால்களில் கைகளை ஊன்றி நிமிர்ந்துவிட்டார். (அசையாமல் இருந்தால்தான் படம் தெளிவாக விழும் என்ற காலத்தில் ஏற்பட்ட வழக்கம் அது, நம் பக்கத்து ஆண்கள் இன்னும் அதைக் கைவிடவில்லை.) புகைப்படக்காரர் அதைக் கலைக்காமல், தோளைச் சற்றுத் திருப்பி, தாடையைக் கொஞ்சம் முன்னே கொண்டுவரச் செய்தார். கம்பீரம் குறையாமல் விறைப்பு மட்டும் போயிற்று.

குறை, படங்கள் கைக்கு வந்தபோது தெரிந்தது. நாங்கள் கேட்காமலேயே இருவரின் நிறத்தையும் வெளுக்கச் செய்து, தாயாரின் கண்ணோரச் சுருக்கங்களை முற்றிலும் துடைத்திருந்தார்கள். இயல்பாக இருக்கும்படி செய்து தந்த நம்பிக்கையை, கணினியில் உட்கார்ந்தவர் திரும்பப் பறித்ததுபோல் இருந்தது. சொன்னவுடன் மறுப்பின்றி, கூடுதல் பணமும் கேட்காமல் மாற்றித் தந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பூவேலைப்பாடுகள் நிறைந்த கனமான ஆல்பம் தேவையற்ற செலவு. பெரிய பிரிண்ட் ஒன்றும், திருத்தாத படங்கள் அடங்கிய பென் டிரைவும் போதும்.