எச்சரிக்கை: வியாழனைப் படம் பிடிக்கத் தொலைநோக்கி வாங்கவிருப்போர் கவனத்திற்கு

வானியல் கருவிகளை மட்டுமே விற்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஓர் இணையக் கடையில் என் இரண்டு மாதச் சம்பளத்தைப் பறிகொடுத்திருக்கிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. வியாழன் எதிர்நிலையை (பூமிக்கு ஒரு பக்கம் சூரியனும் மறுபக்கம் வியாழனும் நிற்கும் நிலை) நெருங்கும் போதெல்லாம் இப்படிப்பட்ட விளம்பரங்கள் பெருகுகின்றன என்பதால், அடுத்தவர் பணம் கட்டுவதற்குள் இது கண்ணில் பட வேண்டும் என்றே அவசரமாக எழுதுகிறேன்.

150 மி.மீ. விட்டம், 1400 மி.மீ. குவியத் தூரம் (ஆடியிலிருந்து உருவம் குவியும் இடம் வரையுள்ள தூரம்), பரவளைய ஆடி (ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கும் வளைவுள்ளது), கூடவே நொடிக்கு 60 சட்டகங்கள் (தனித்தனிப் படங்கள்) எடுக்கும் கேமரா என்பது விளம்பரம். வியாழனின் பெரும் புயலான பெரிய சிவப்புப் புள்ளி துல்லியமாகத் தெரியும் ஒரு படத்தை, 'இதே கருவியில் எடுத்தது' என்ற குறிப்புடன் போட்டிருந்தார்கள். தொலைபேசியில் பேசிய விற்பனையாளர், வியாழன் நன்றாக மேலே ஏறும் வரை காத்திருக்க வேண்டும், ஆடியின் சூடு தணியக் கருவியை முன்கூட்டியே வெளியில் வைக்க வேண்டும், காணொளியாக எடுத்து அதில் தெளிவான சட்டகங்களை மட்டும் ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. இரவெல்லாம் வானத்தைப் பார்த்துப் பழகியவர் பேச்சு அது என்று நம்பித்தான் இரண்டு மாதச் சம்பளத்தை ஒரே தவணையில் அனுப்பினேன்.

வந்த குழாயின் நீளம் 1400 மி.மீ.யில் பாதிகூட இல்லை. உருவத்தைத் தெளிவாக்கத் திருகும் பாகமான ஃபோகஸரைக் கழற்றிப் பார்த்தால் அதன் அடியில் ஒரு வில்லை ஒட்டப்பட்டிருந்தது. குறைந்த குவியத் தூரமுள்ள மலிவான கோள ஆடியை வைத்து, அதன் பிழையை (ஒளி ஒரே புள்ளியில் குவியாததை) திருத்துவதாகப் பெயர் பண்ணி, குவியத் தூரத்தையும் நீட்டிக் காட்டும் ஏற்பாடு அது. சிறிய 60 மி.மீ. கருவியிலேயே பிரிந்து தெரியும் வியாழனின் இரண்டு நடுப்பட்டைகள் இதில் ஒரே கறையாகக் கலந்து கிடந்தன. நான்கு கலிலியோ நிலவுகளும் புள்ளியாகக் குவியவே இல்லை. பிரகாசமான ஒரு விண்மீனைக் குவியத்துக்கு உள்ளேயும் வெளியேயும் நகர்த்திப் பார்த்தபோது, ஒரு பக்கம் வளையங்கள் கூர்மையாகவும் மறுபக்கம் வெறும் பஞ்சாகவும் தெரிந்தன. ஆடி நல்ல ஆடியானால் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும்.

கேமரா தந்தது நொடிக்கு 10 சட்டகங்கள்தான். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடுவதால், ஒரே காணொளியைச் சில நிமிடங்களுக்கு மேல் நீட்டினால் மேகங்களின் விவரம் இழுபட்டுவிடும். இரண்டு நிமிடத்தில் 7200 சட்டகங்கள் கிடைக்க வேண்டிய இடத்தில் 1200 கிடைத்தால், அவற்றிலிருந்து எதைப் பொறுக்கி எதை அடுக்குவது?

முறையிட்டபோது முதலில் காற்று நிலையாக இல்லை என்றார்கள். பிறகு கோலிமேஷன் (ஆடிகளை ஒரே நேர்கோட்டில் பொருத்துவது) சரியில்லை என்றார்கள். அதையும் சரிசெய்து படம் அனுப்பினேன். தொழில்நுட்பப் பிரிவு அழைக்கும் என்று காக்க வைத்து, திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு, 'ஃபோகஸரை நீங்களே கழற்றிவிட்டீர்கள், திரும்பப் பெற இயலாது' என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். இரண்டு மாதச் சம்பளத்துக்குப் பதில் ஒரு வரி!

அந்த மாதிரிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் இருந்த, வியாழனின் நிலவான கானிமீடின் வட்டில் கரும்திட்டுகள் பல தனித்தனியாகத் தெரிந்தன. எதிர்நிலையிலும் கானிமீடின் தோற்ற விட்டம் 2 வில்நொடியை (ஒரு வில்நொடி என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) எட்டாது, 150 மி.மீ. கருவியின் பிரிதிறன் (பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி) சுமார் 0.8 வில்நொடி. அத்தனை திட்டுகளை இந்தக் குழாய் காட்டவே முடியாது. பல மடங்கு பெரிய கருவியில் யாரோ கண்விழித்து எடுத்த படத்தைக் கடைக்காரர் தன்னுடையதாக்கியிருக்கிறார். அதைக் கேட்டதும் இணைப்பைத் துண்டித்தார்.

விரிவாக எழுத இப்போது மனம் வரவில்லை. நியூட்டன் வகையில் (குழிந்த ஆடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி) குழாய் நீளம் குவியத் தூரத்தைவிட வெகுவாகக் குறைந்திருந்தால் வாங்காதீர்கள். பரவளைய ஆடி என்பதை எழுத்தில் கேளுங்கள். மாதிரிப் படத்தின் மூலக் காணொளியைத் தரச் சொல்லுங்கள். கெடு முடிவதற்குள் விண்மீனை வைத்துச் சோதித்துவிடுங்கள், பணத்தை ஒரே தவணையில் மட்டும் கட்டிவிடாதீர்கள்.