விமானம் ஏறிய மறுநாள்: ஆப்பிரிக்கக் கிராமப்புறக் குறுகிய கால மருத்துவ ஊழியத்தின் நான்கு வழிகள்

ஆப்பிரிக்கக் கிராமப்புறத்தில் மருத்துவ ஊழியம் செய்ய வேண்டும் என்ற பாரம், அதாவது உள்ளத்தின் உந்துதல், ஒருவருக்கு உண்டாகி, அதற்காக விடுப்பில் இரண்டு வாரத்தையோ ஒரு மாதத்தையோ ஒதுக்கிவைக்கும்போது, அவர் முன் பெரும்பாலும் நான்கு வழிகள் இருக்கின்றன. குழுவாகப் போய்க் கிராமம் கிராமமாக இலவச மருத்துவ முகாம் நடத்தலாம். நெடுங்காலமாக இயங்கிவரும் மிஷன் மருத்துவமனை ஒன்றில் அங்குள்ளவர்களின் கீழ்ப் பணிபுரியலாம். மருத்துவமனைக் கப்பலில் அறுவை சிகிச்சைக் குழுவோடு சேரலாம். அல்லது நோயாளியைத் தாமே பார்க்காமல், உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். தடுப்பூசியும், விசாவும், ஜெபித்து அனுப்பும் சபையும் நான்குக்கும் பொதுவானவை. ஆனால் வந்தவர் விமானம் ஏறிய மறுநாள் அந்த ஊரில் எஞ்சி நிற்பது நான்கிலும் ஒன்றல்ல. முதல் இரண்டு வழிகளில் நானே சென்று பணி செய்திருக்கிறேன் என்பதால் அவற்றைப் பற்றிக் கூடுதலாக எழுதுகிறேன்.

முகாமிலிருந்து தொடங்குவதே முறை, ஏனெனில் சபைகள் எளிதில் ஏற்பாடு செய்வதும் பலருடைய முதல் பயணமாக அமைவதும் அதுதான். மலாவியில் நான் சேர்ந்திருந்த குழு ஐந்து நாள்களில் ஐந்து கிராமங்களுக்குச் சென்றது. விடியுமுன்பே நடந்து வந்த மக்கள் ஆலயத்தின் பெஞ்சுகளில் வரிசையாகக் காத்திருந்தார்கள். மொழிபெயர்ப்புக்கு ஆகும் நேரத்தையும் சேர்த்து ஒரு நோயாளிக்கு நான்கைந்து நிமிடங்களுக்கு மேல் கொடுக்க முடியவில்லை. அந்த நிமிடங்களில் உண்மையாகவே முடிந்துவிடும் வேலைகள் உண்டு. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து மலேரியா விரைவுப் பரிசோதனை செய்து, நோய் உறுதியானால் மூன்று நாளைக்கான ஆர்ட்டிமெதர்-லூமிஃபான்ட்ரின் மாத்திரைகளைக் கொடுக்கலாம். சிரங்குக்குக் களிம்பு தரலாம், குடற்புழுவுக்கு ஒரே வேளை அல்பெண்டசோல் தரலாம், வலிக்கும் சொத்தைப் பல்லைப் பிடுங்கலாம், முதியவர்களுக்குப் படிக்கும் கண்ணாடி பொருத்தலாம். இவற்றை அற்பமாக நினைப்பவர்கள் பல்வலியோடு மாதக் கணக்கில் இருந்தவரின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சிக்கல், அன்றோடு முடியாத நோய்களில் இருக்கிறது. இரண்டாம் நாள், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு தாயாருக்கு இரத்த அழுத்தம் 190/110 இருந்தது. முப்பது அம்லோடிபின் மாத்திரைகளைக் கொடுத்து, தினமும் ஒன்று என்று சொல்லி, அடுத்தவரை அழைத்துவிட்டேன். முப்பத்தோராம் நாள் அவர் யாரிடம் போவார் என்ற கேள்வி அன்றிரவு படுத்த பிறகுதான் எனக்கு வந்தது. மலாவியில் நோயாளிகள் தம் மருத்துவக் குறிப்புகளுக்கென்று ஹெல்த் பாஸ்போர்ட் எனப்படும் சிறு கையேட்டை வைத்திருப்பார்கள். அரசு நிலையமானாலும் மிஷன் மருத்துவமனையானாலும் அதில்தான் எழுதுவார்கள். நாங்களும் அதில் எழுதியிருந்தால், அருகிலிருந்த சுகாதார நிலையத்தின் கிளினிக்கல் ஆபீசர் (மருத்துவர் பட்டமில்லாமல், சிகிச்சையளிக்கப் பயிற்சி பெற்ற அலுவலர்) அங்கிருந்து தொடர்ந்திருப்பார். நாங்கள் எங்கள் சொந்தச் சீட்டுகளில் எழுதிக் கொடுத்தோம்; நாங்கள் வருவதையே அந்த நிலையத்துக்குத் தெரிவிக்கவில்லை. இயேசு சொன்ன உவமையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் காயங்களைக் கட்டியதோடு நின்றுவிடாமல், அந்த மனிதனைச் சத்திரக்காரனிடம் ஒப்படைத்து, பணமும் கொடுத்து, திரும்பி வருவதாகவும் சொல்லிவிட்டுப் புறப்பட்டான். எங்களுக்கும் சத்திரக்காரர் பக்கத்திலேயே இருந்தார். நாங்கள்தான் அவரைத் தேடவில்லை.

முகாமுக்கு இன்னும் இரண்டு குறைகள் உண்டு. மருந்துக் கொடை குறித்து உலகச் சுகாதார நிறுவனம் 1996 முதல் வெளியிட்டுவரும் வழிகாட்டுதலின்படி, மருந்துகள் பெறும் நாட்டின் தேவைக்கும் அங்கு அனுமதிக்கப்பட்ட பட்டியலுக்கும் பொருந்த வேண்டும். போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு காலாவதிக் கெடு மீதமிருக்க வேண்டும். பெட்டிகளில் திணித்துக்கொண்டு போகும் இலவச மாதிரி மருந்துகள் பெரும்பாலும் இந்த இரண்டிலுமே தவறுகின்றன. அடுத்தது, இலவசம் என்பதன் பக்கவிளைவு. 1966 முதல் இயங்கும் மலாவி கிறிஸ்தவச் சுகாதாரச் சங்கத்தின் கீழுள்ள மருத்துவமனைகள் அரசின் ஒப்பந்தத்துக்குள் வராத சேவைகளுக்கு நோயாளிகளிடம் சிறு கட்டணம் வாங்கியே நடைமுறைச் செலவுகளை ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. பக்கத்துக் கிராமத்தில் வெளிநாட்டுக் குழு இலவசமாகப் பார்க்கப்போகிறது என்று தெரிந்தால், மக்கள் சிகிச்சையைத் தள்ளிப்போட்டு அந்த நாளுக்காகக் காத்திருப்பார்கள். அந்த மருத்துவமனையோ ஆண்டு முழுவதும் இரவிலும் திறந்திருக்க வேண்டிய ஒன்று.

மிஷன் மருத்துவமனையில் பணிபுரிவது இதற்கு நேர் எதிரான அனுபவம். கென்யாவில் கிஜாபே மருத்துவமனை 1915 முதலும் டென்வெக் மருத்துவமனை 1937 முதலும் இருக்கின்றன. தான்சானியாவில் ஹைடம் லூத்தரன் மருத்துவமனை 1955 முதல் இருக்கிறது. இத்தகைய இடங்களில் நோயாளிப் பதிவேடும் ஆய்வகமும் இரவுப் பணி அட்டவணையும் வந்தவர் வருவதற்கு முன்பே உண்டு, போன பின்பும் இருக்கும். வந்தவர் எழுதிய சிகிச்சையை மறுநாள் வேறொருவர் தொடர்வார். வந்தவர் செய்த பிழையைத் திருத்தவும் ஒருவர் அருகில் இருப்பார், இது அதைவிட முக்கியம்.

இதை நான் கென்யாவில் ஒரு மிஷன் மருத்துவமனையில் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன். கடும் காய்ச்சலோடும் குளிர்ந்த கைகால்களோடும் ஒரு குழந்தையை நள்ளிரவில் கொண்டுவந்தார்கள். நான் பயின்ற முறைப்படி, சிரை வழியாக உப்புநீரை வேகமாகச் செலுத்தச் சொன்னேன். பணியிலிருந்த கிளினிக்கல் ஆபீசர், "டக்டாரி (டாக்டர்), முதலில் ஹீமோகுளோபின் பார்த்துவிடலாமா?" என்று பணிவாகக் கேட்டார். அளவு நான்குக்கும் கீழே இருந்தது, அதாவது கடும் இரத்தசோகை; மலேரியாவும் உறுதியானது. அந்தக் குழந்தைக்கு வேண்டியிருந்தது இரத்தமும் மலேரியாவுக்கான ஊசி மருந்தும்தான். கென்யா, உகாண்டா, தான்சானியாவில் இப்படி வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்து, 2011-இல் வெளியான ஃபீஸ்ட் ஆய்வு, வேகமாகத் திரவம் செலுத்தப்பட்ட குழந்தைகளிடையே இறப்பு அதிகம் என்று காட்டியிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவும் செயற்கைச் சுவாசக் கருவியும் உள்ள இடத்தில் சரியான சிகிச்சை, அவை இல்லாத இடத்தில் உயிரைப் பறிக்கக்கூடும். அதை அந்த இளம் அலுவலர் அறிந்திருந்தார். பல ஆண்டு அனுபவமுள்ள நான் அறிந்திருக்கவில்லை. முகாமில் அதே குழந்தை என் மேசைக்கு வந்திருந்தால் என்னைத் தடுக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

இந்த வழிக்கும் ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பது வரவேற்கும் மருத்துவமனை. வருபவரை அழைத்துவரவும், தங்கவைக்கவும், மருந்துப் பெயர்களையும் நடைமுறைகளையும் சொல்லிக்கொடுக்கவும் ஏற்கெனவே ஓய்வில்லாமல் உழைப்பவர்களின் நேரம் செலவாகிறது. நாட்டின் மருத்துவக் கவுன்சிலிடம் தற்காலிக உரிமம் பெற வேண்டும். சான்றிதழ்களை மாதங்களுக்கு முன்பே அனுப்பினால்தான் அது நடக்கும். பொது மருத்துவர் ஒருவர் இரண்டு வாரத்துக்கு மட்டும் போனால், உதவியாக மாறும் நாளில் ஊர் திரும்பிவிடுவார். நான்கு வாரம் என்பது என் கணக்கில் குறைந்தபட்சம். இதற்கு ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும்: மயக்கவியல் நிபுணரோ எலும்பு அறுவை நிபுணரோ பொறுப்பேற்றுக்கொள்வதால், ஆண்டு முழுவதும் தனியாக நின்ற ஒரு மருத்துவர் இரண்டு வாரம் வீட்டாரோடு இருக்க முடிகிறது என்றால், அந்த இரண்டு வாரம் மிகவும் மதிப்புள்ளது.

கப்பல் வழியைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1978-இல் தொடங்கப்பட்ட மெர்சி ஷிப்ஸ் அமைப்பின் ஆப்பிரிக்கா மெர்சி 2007 முதலும், குளோபல் மெர்சி 2022 முதலும் ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் பணியாற்றிவருகின்றன. பிளவுபட்ட உதடு, முகத்தை மூடும் கட்டிகள், வளைந்த கால்கள், கண்புரை போன்றவற்றுக்கு அங்கே அறுவை சிகிச்சை நடக்கிறது. தன்னார்வலர் தம் பயணச் செலவைத் தாமே ஏற்க வேண்டும். கப்பல் ஒரே துறைமுகத்தில் ஏறத்தாழ பத்து மாதம் நிற்பதால், செவிலியர் சில வாரங்களில் திரும்பினாலும் நோயாளியின் காயத்தைப் பார்க்கவும் இயன்முறைப் பயிற்சி கொடுக்கவும் அடுத்தவர் இருக்கிறார். ஆகவே குறுகிய காலம் மட்டுமே கொடுக்கக்கூடிய அறுவை அரங்கச் செவிலியருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் டக்காரிலோ ஃப்ரீடவுனிலோ நங்கூரமிட்ட கப்பலில் இருப்பவர், கிராமத்திலிருந்து வந்தவர்களைச் சந்திப்பாரே தவிரக் கிராமத்தைப் பார்க்க மாட்டார். கிராம மக்களோடு வாழ்ந்து ஊழியம் செய்வதே தம் பாரம் என்பவர் இதை முன்பே அறிந்துகொள்வது நல்லது.

பயிற்சி கொடுக்கும் வழி காகிதத்தில் மிகச் சிறந்ததாகத் தெரியும். ஒருவருக்குக் கற்றுக்கொடுத்தால் அவர் ஆயிரம் பேருக்குச் செய்வார் என்ற வாதம் எல்லாரையும் கவரும். பிறந்தவுடன் மூச்சுவிடாத குழந்தையை முதல் ஒரு நிமிடத்துக்குள் மீட்கக் கற்றுக்கொடுக்கும் ஹெல்பிங் பேபீஸ் பிரீத் பயிற்சி 2010-இல் வெளியானது. தான்சானியாவின் எட்டு மருத்துவமனைகளில் அதைக் கொண்டுவந்தபோது, பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குள் நிகழும் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால் முன்பு சொன்ன ஹைடம் மருத்துவமனையில் கண்டதை ஓர் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். அங்கே ஒரு நாள் வகுப்பு நடத்தியபோது, பணியாளர்கள் பொம்மையில் நன்றாகச் செய்து காட்டினார்கள். பிரசவ அறையில் நடைமுறை மாறவில்லை. பின்பு பணியிடத்திலேயே சில நிமிடப் பயிற்சியை அடிக்கடி செய்யும் வழக்கம் வந்தபோதுதான் இறப்பு குறைந்தது. எனவே இரண்டு நாள் கருத்தரங்கு நடத்தி, சான்றிதழ் கொடுத்து, குழுப்படம் எடுத்துக்கொண்டு திரும்பும் பயணத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கருத்தரங்குக்கு வந்த செவிலியர்களின் வார்டை அந்த இரண்டு நாளும் யார் பார்த்தார்கள் என்றும் கேட்க வேண்டும். அங்கேயே பணிபுரியும் ஒரு மருத்துவச்சியை அந்தப் பயிற்சிக்குப் பொறுப்பாளராக்கி, ஆண்டுதோறும் அதே இடத்துக்குத் திரும்பிப் போக ஆயத்தமாக இருப்பவருக்கு இது நான்கிலும் மேலான வழி. 1996-இல் தொடங்கிய பான் ஆப்பிரிக்கன் அகாதெமி ஆஃப் கிறிஸ்டியன் சர்ஜன்ஸ் என்ற அமைப்பு ஆப்பிரிக்க மருத்துவர்களை மிஷன் மருத்துவமனைகளிலேயே ஐந்தாண்டு அறுவை பட்டமேற்படிப்பில் பயிற்றுவிக்கிறது. வருகைதரும் நிபுணர் அந்த மாணவர்களோடு அரங்கில் நின்று கற்பிப்பது வீணாவதில்லை.

சுவிசேஷப் பணியைப் பற்றிப் பேசாமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது. முகாமில், வரிசையில் நிற்பவர்களுக்குச் செய்தி கொடுத்த பிறகே சீட்டு வழங்கும் வழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். மருந்துக்காகக் காத்திருப்பவருக்கு எழுந்து போகும் சுதந்திரம் இல்லை என்பதால், அது எனக்கு வேதனையளித்தது. தவிரவும் கென்யாவிலும் மலாவியிலும் மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களே. அங்கே போகிறவர் பல இடங்களில் தம்மைவிட ஆழ்ந்த ஜெப வாழ்க்கை உடைய விசுவாசிகளைத்தான் சந்திப்பார். மிஷன் மருத்துவமனையில் காலை ஆராதனைக்குப் பிறகு அந்த ஊர்ச் செவிலியர் அந்த ஊர் மொழியில் நோயாளியின் படுக்கையருகே ஜெபித்ததைக் கேட்டபோது, நான் கொண்டுவந்ததைவிட அங்கே ஏற்கெனவே இருந்தது பெரிது என்று உணர்ந்தேன்.

மருத்துவ மாணவர்களுக்கு நான் முகாமை முற்றிலும் விலக்கச் சொல்வேன். சொந்த நாட்டில் மேற்பார்வையின்றிச் செய்ய அனுமதியில்லாத தையலையும் பல் பிடுங்குவதையும் ஏழை நோயாளியிடம் செய்து பழகுவது ஊழியமாகாது. அவர்களுக்கு மிஷன் மருத்துவமனையில் பார்வையாளராக ஒரு மாதம் இருப்பதே ஏற்றது.

பாதுகாப்பிலும் வழிகள் வேறுபடுகின்றன. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லுபடியாகும் என்பது நான்குக்கும் பொது. மலேரியாத் தடுப்பு மருந்தில் அட்டோவகோன்-புரோகுவானில் என்றால் திரும்பிய பின் ஏழு நாளும், டாக்ஸிசைக்ளின் என்றால் நான்கு வாரமும் தொடர வேண்டும். குறுகிய பயணத்துக்குப் பலர் முன்னதைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி தவறுதலாகத் தம்மைக் குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைகளை எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக, அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். மருத்துவமனையிலும் கப்பலிலும் அவை கையிருப்பில் இருக்கும்; முகாம் குழு தானே எடுத்துச் செல்லாவிட்டால், மண் சாலையில் பல மணி நேரம் பயணித்துத் தேட வேண்டும்.

முகாமை முழுவதும் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பக்கத்து மிஷன் மருத்துவமனை மாதந்தோறும் கிராமங்களுக்கு அனுப்பும் குழுவில் இருவராகச் சேர்ந்து, அவர்களுடைய மருந்துகளைக் கொடுத்து, நோயாளியின் ஹெல்த் பாஸ்போர்ட்டில் எழுதினால், நான் முன்பு சொன்ன குறைகளில் பெரும்பாலானவை நீங்கிவிடும். இரண்டு வாரமே கிடைக்கும் பொது மருத்துவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

தேதியைத் தீர்மானிப்பதற்கு முன், போகவிருக்கும் மருத்துவமனைக்கு எழுதிக் கேட்க வேண்டும். மலாவிக்கு வரும் குழுக்கள் சாலை உலர்ந்திருக்கும் ஜூன், ஜூலை மாதங்களையே விரும்புகின்றன. ஆனால் குழந்தைகள் வார்டில் ஒரு படுக்கையில் இரண்டு மூன்று பேர் கிடப்பது ஜனவரி முதல் மார்ச் வரை, மழையோடு மலேரியாவும், அறுவடைக்கு முந்தைய பசியும் சேர்ந்து வரும்போது. மலாவிக்கு மீண்டும் வரலாமா என்று கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு வந்த பதிலில், பிப்ரவரியில் வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அடுத்த விடுப்பை அந்த மாதத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.