ஸ்ட்ராங் டோன் வாஷ் வாங்கலாமா? இன்ஜினியர் மினியேச்சருக்கு அடிச்சு பார்த்த அனுபவம்

சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல ஃப்ரெண்டு வீட்டு மாடியில ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு பேரு கூடி சின்ன பொம்மைகளை வச்சு விண்வெளி கேம் ஆடுறோம்ங்க, ஆளுக்கு ஒரு க்ரூ. என் க்ரூல கேப்டன், டாக்டர் எல்லாம் பெயின்ட் அடிச்சு முடிச்சாச்சு, இன்ஜினியர் மட்டும் மூணு மாசமா வெறும் சாம்பல் பிளாஸ்டிக்கா நின்னான். 28 எம்எம் பொம்மை, அதுலயே ஓவர்ஆல் மடிப்பு, டூல் பெல்ட், முதுகுல பேட்டரி பேக், கையில ஸ்பேனர், நெத்தியில வெல்டிங் கண்ணாடி. இத்தனைக்கும் தனித்தனியா நிழல் போடுற அளவுக்கு என் கை இன்னும் பழகல, அதான் ஆர்மி பெயின்டர் கம்பெனியோட ஸ்ட்ராங் டோன் வாங்கினேன், பள்ளத்துல தானா நிழல் விழ வைக்கிற வாஷ்ங்கற தண்ணியான பெயின்ட் இது.

18 மில்லி, சொட்டு சொட்டா விழுற மூடி. பாக்க ப்ரவுன் தண்ணி மாதிரிதான் இருக்கும், ஆனா நல்லா குலுக்கிட்டு தடவுனீங்கன்னா மேட்டுல நிக்காம வழிஞ்சு பள்ளத்துல போய் தங்கி காயுது. ஆரஞ்சு ஓவர்ஆல்ல முழங்கை மடிப்பு, பாக்கெட் தையல், பெல்ட் ஓரம் எல்லாம் ஒரே கோட்டிங்ல எடுப்பா தெரிய ஆரம்பிச்சுது. அரை மணி நேரம் காய விட்டு, மேடான இடத்துல மட்டும் திரும்ப ஆரஞ்சு லேசா தொட்டேன், அவ்ளோதான்.

எனக்கு ரொம்ப புடிச்சது ஸ்பேனர்தான். சித்தப்பா செவ்வாய்ப்பேட்டையில டூவீலர் ஒர்க்‌ஷாப் வச்சிருக்காரு, அவரு ஸ்பேனரை வாங்கி உத்து பாத்தேன், வாய் மூலையிலயும் நம்பர் பொறிச்ச குழியிலயும் கிரீஸ் கருப்பா அடைஞ்சிருக்கு, கை புடிக்கிற இடமும் வாயோட விளிம்பும் தேஞ்சு பளபளன்னு இருக்கு. அதையே அப்படியே பண்ணேன், சில்வர் அடிச்சு மேல ரெண்டு தடவை வாஷ், காஞ்சதும் விளிம்புல மட்டும் திரும்ப சில்வர். நெசமாவே தெனமும் வேலை செய்யற ஆளோட ஸ்பேனர் மாதிரி வந்துருச்சு!

பேட்டரி பேக் மாதிரி தட்டையான இடத்துல மட்டும் ஜாக்கிரதை. எந்த வாஷா இருந்தாலும் அங்க குட்டையா தேங்கி டீ டம்ளர் வட்டம் மாதிரி கறை ஆயிரும். ஈரமா இருக்கும்போதே காஞ்ச பிரஷ் நுனியால ஒத்தி எடுத்துருங்க, பாதி காஞ்சப்புறம் தொடவே தொடாதீங்க, நம்மூரு வெயில்ல அது சீக்கிரமே காஞ்சுரும்.

ப்ரைமர், அதாவது பெயின்ட்டுக்கு முன்னாடி அடிக்கிற அடிப்பூச்சு, அதைப் பத்தியும் சொல்லிடறேன். வாஷ் ஓடணும்னா அடியில வழவழன்னு இருக்கணும். ஏற்காட்டுல அத்தை வீட்டுக்கு போனப்ப அங்கயே ஸ்ப்ரே ப்ரைமர் அடிச்சேன், மூடுபனி ஈரத்துல ரவை தூவுன மாதிரி சொரசொரன்னு ஆயிடுச்சு, ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல ஊற வச்சு பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சு எடுக்க ஒரு நாள் போச்சு. அப்புறம் சேலம் வந்து மொட்டை மாடியில வெயில் தாழ்ந்து அஞ்சரை மணிக்கு மேல அடிச்சேன், அழகா உக்காந்துச்சு.

கடைசியா மேட் வார்னிஷ் அடிச்சா சில்வர் மங்கிரும், அதனால வார்னிஷ் காஞ்சப்புறம் ஸ்பேனர் விளிம்புல இன்னொரு கோடு இழுத்துக்கோங்க. வெள்ளை இல்லன்னா மஞ்சள் டிரஸ் போட்ட க்ரூன்னா இந்த ப்ரவுன் அழுக்காக்கிரும், அதுக்கு இதைவிட வெளிறின சாஃப்ட் டோன் வாஷ் எடுத்துக்கோங்க. ஆரஞ்சு, காக்கி, மெட்டல்னா கண்ண மூடிட்டு இதையே வாங்கலாம், ஒரு ஆளுக்கு பத்து பதினஞ்சு சொட்டுதான் ஆகுது.